ஒரு மங்கள வார்த்தை நேரம்

மணிச்சத்தத்துக்கு முன்னால் இன்னொரு சத்தம் உண்டு. கயிற்றைப் பிடித்திருப்பவருக்கு மட்டுமே அது கேட்கும். உச்சியில் கப்பி ஒருமுறை கிறீச்சிடும், கழுத்தில் முழங்கால் வைத்து அழுத்திய பன்றிக்குட்டியைப் போல. அதற்குப் பிறகுதான் நாக்கு வெண்கலத்தில் போய் மோதும். பதினாறு வயதில் அதைக் கேட்டேன். இப்போது எழுபத்துமூன்று. இந்த ஞாயிற்றுக்கிழமை, இரண்டாம் பூசை முடிந்து, சங்குமுனை இராயப்பர் கோயில் மணிக்கூண்டின் வாசலில் ஒரு பிளாஸ்டிக் மேசை போட்டு என்னை உட்கார வைத்திருக்கிறார்கள். முன்னால் நாற்பது பக்க நோட்டு. முதல் பக்கத்தில் என் கையெழுத்தில் ‘மணி அடிக்க முன்வருவோர்’. கல்லூரியில் முப்பத்தோரு வருடம் தமிழ் நடத்திய கை. குண்டு குண்டாக எழுத்து. ஐப்பசி இடியில் ஒலிபெருக்கி மணி எரிந்துபோயிற்று. பதிவுசெய்து வைத்த மணி அது, எந்த ஊர் மணி என்றுகூட யாருக்கும் தெரியாது; இருபது வருடமாக அந்த அந்நிய மணிக்குத்தான் நாங்கள் எழுந்தோம், தூங்கினோம், செத்தோம். புதுச் சாமியார் பிரசங்கத்தில் சொன்னார்: “நம்ம கூண்டுல நல்ல மணி தொங்குது. ஆறு பேர் வாங்க. ஆணோ பெண்ணோ, கை இருந்தா போதும். இன்னைக்குப் பன்னிரண்டு மணி திருந்தாதி ஜெபத்துக்கு நம்ம மணியே அடிக்கணும்.” பெண்ணோ என்று அவர் சொன்னபோது என் உள்ளங்கை இரண்டும் சூடாயின. உள்ளங்கை ஒரு மடத்தனமான உறுப்பு. அதற்கு வருடம் எண்ணத் தெரியாது.

பின்னால் கயிறு தொங்குகிறது. திரும்பிப் பார்க்காமலே அது எங்கே தொங்குகிறது என்று என் பிடரிக்குத் தெரிகிறது. நீல நைலான் கயிறு, போட்டில் கட்டுவது, நேற்றுத்தான் மாட்டினார்கள். அப்போது இருந்தது தென்னை நார்க்கயிறு. நைலான் அறுக்கும், நார் உரிக்கும். ஆள்கள் வருகிறார்கள், போகிறார்கள். வளைகுடாவிலிருந்து திரும்பிய ரோமுவால்டு வந்து, போனிலேயே அமுக்கி அடிக்க வழி இல்லையா என்று கேட்கிறான். “நீ வீட்ல படுத்துக்கிட்டு அமுக்குவே, உனக்க பெண்டாட்டி எந்திரிச்சுக் கோயிலுக்கு வரணும், அதானே” என்கிறான் ததேயூஸ். ததேயூஸ் பங்குப் பேரவையின் துணைத்தலைவன். என் சித்தப்பா மகன். மேசைக்கு அந்தப் பக்கம் நாற்காலியைத் திருப்பிப் போட்டு, அதன் முதுகில் தாடையை வைத்துக்கொண்டு, வருகிறவர்களை எடை போடுகிறான். அவனுக்கு அவன் அப்பாவின் கை. குட்டை விரல், அகன்ற மணிக்கட்டு. மேசைமேல் அந்தக் கை ஓய்வாகக் கிடக்கிறது. அதன் நடுவில் இந்தப் பேனாவை இறக்கினால் பிளாஸ்டிக் வரைக்கும் போகுமா என்று நினைக்கிறேன். இப்படித்தான். பூசையில் இருக்கும்போதும் நினைப்பேன், பேருந்தில் இருக்கும்போதும் நினைப்பேன். யாரும் அறிய மாட்டார்கள். ‘எமரன்சியா டீச்சர் ஈயைக்கூட விரட்டமாட்டாங்க’ என்று ஊரில் சொல்வார்கள். அன்பியக் குழுவிலிருந்து ரெண்டு பெண்கள் வந்து பெயர் கொடுத்தார்கள். ஒரு கிழவர் பெயர் கொடுத்துவிட்டு, மணி அடித்தால் காது போய்விடுமா என்று கேட்டார். “உமக்குப் போறதுக்கு என்ன மிச்சம் இருக்கு மாமா” என்றான் ததேயூஸ். கிழவர் கேட்காத மாதிரி போனார், அல்லது கேட்கவே இல்லை. ஐந்து பெயர் ஆயிற்று. இன்னும் ஒன்று.

நோட்டின் கடைசிப் பக்கத்தில் மணி விதிகளை எழுதித் தரச் சொல்லியிருக்கிறார் சாமியார், பலகையில் ஒட்ட. “உங்களைத் தவிர இந்த ஊர்ல யாருக்கும் நினைவில்ல டீச்சர், எல்லாரும் உங்களைத்தான் கைகாட்டுதாங்க.” நினைவு. நினைவு என்றால் அவர் பாட்டுப்போல் ஒன்றை நினைக்கிறார். எழுதுகிறேன். பூசைக்கு இரட்டை மணி. சாவுக்கு ஒற்றை மணி. ஒன்றுக்கும் அடுத்ததற்கும் நடுவே ஒரு விசுவாசப் பிரமாணம் சொல்லும் நேரம். திருந்தாதிக்கு மும்மூன்றாக மூன்று தடவை. ஒவ்வொரு மூன்றுக்கும் பிறகு ஒரு மங்கள வார்த்தை நேரம், மாதாவுக்கான அந்தச் சின்ன ஜெபத்தைச் சொல்லி முடிக்கும் நேரம், நிறுத்த வேண்டும். கடிகாரம் இல்லாத காலத்து அளவு அது. ஜெபம்தான் நிறுத்தம். அடிப்பவர் வாய்விட்டுச் சொல்வார், சொல்லி முடித்ததும் கயிறு இறங்கும். அதே மும்மூன்று, நேரம் தப்பிக் கேட்டால், கடலில் ஆள் விழுந்திருக்கிறது என்று அர்த்தம். ஆள் வந்து கூடும்வரை அடிக்க வேண்டும், ஆனால் நிறுத்தி நிறுத்தி. இங்கே பேனா நிற்கிறது. அடுத்த வரி ஒன்று இருக்கிறது. நிறுத்தாமல் அடித்தால். நிறுத்தாமல் அடித்தால் ஊரின்மேல் ஆள் வருகிறது, ஆயுதத்தோடு கடற்கரைக்கு வா. அதை எழுதலாமா. இந்தக் காலத்தில் அது எதற்கு. ஆனால் எழுதாவிட்டால் யாருக்கும் தெரியாது, தெரியாவிட்டால் யாராவது ஒரு பெண்பிள்ளை பயத்தில், நிறுத்தாமல். இல்லை. தெரியாததால் நான் அப்படி அடிக்கவில்லை. எனக்கு விதி தெரியும், ஊரில் நடக்கப் பழகும் குழந்தைக்குக்கூடத் தெரியும். ஜெபம்தான் வரவில்லை. மூன்று அடித்தேன், வாயைத் திறந்தேன், முதல் சொல் வரவில்லை. தினம் நூறு தடவை சொன்ன ஜெபம், பால்குடி மறக்குமுன் பழகிய ஜெபம், நாக்கில் இல்லை, எங்கும் இல்லை, வாய்க்குள் வெறும் உப்பு. ஜெபம் இல்லாததால் நிறுத்தம் இல்லை. கை தானாக இறங்கியது. மறுபடி இறங்கியது. கப்பி அலறியது, வெண்கலம் அலறியது, கப்பி, வெண்கலம், கப்பி, வெண்கலம், நடுவில் ஒரு ஊசி நுழைய இடமில்லை.

ஆயிரத்துத் தொள்ளாயிரத்து அறுபத்தேழு, ஆடி மாதம். மத்தியானம் இரண்டு மணி. அப்பாவின் கட்டுமரம் கரைக்கு வரும் கடைசி அலையில் குப்புற விழுந்ததை மணல்மேட்டில் நின்று நான்தான் பார்த்தேன். மரம் திரும்பி மிதந்தது. அப்பா மிதக்கவில்லை. எங்கள் கரையில் ஒரு ஆள் இல்லை, எல்லோரும் சோற்றுக்குப் போயிருந்தார்கள். கோயிலுக்கு ஓடினேன். மணி அடிக்கும் கோயில்பிள்ளை வியாகுலம் கஞ்சி குடிக்க வீட்டுக்குப் போயிருந்தார், கூண்டைப் பூட்டவில்லை. பெண்கள் அந்தக் கயிற்றைத் தொடக் கூடாது. தொட்டேன். புதுமணல் ஊரோடு அப்போது பகை. வலை அறுத்ததில் தொடங்கி, இரண்டு மாதத்துக்கு முன்னால் எங்கள் ஊர்க்காரன் ஒருவன் காதைப் பாதி இழந்திருந்தான். அந்தப் பாதிக் காது எல்லோர் சோற்றுத்தட்டிலும் கிடந்தது. நிறுத்தாமல் மணி கேட்டதும் தட்டை உதறிவிட்டு எழுந்தார்கள். எனக்குத் தெரியாது. நான் அடித்துக்கொண்டிருந்தேன். உள்ளங்கைத் தோல் கயிற்றோடு ஒட்டிக்கொண்டு கீழே வந்தது. வியாகுலம் ஓடி வந்து, கஞ்சி உதட்டில் காயாமல், “விடு பிள்ளே, விடு பிள்ளே” என்று விரல்களைப் பிரித்தார். விடவில்லை. கன்னத்தில் ஒரு அறை விட்டார், என் காது மணியைவிடச் சத்தமாய் இரைந்தது, அப்போதுதான் கை விட்டது. அவர் கயிற்றைப் பிடித்தார். மூன்று அடித்து நிறுத்தி, உரக்க ஜெபம் சொல்லி, மறுபடி மூன்று. தப்பைத் திருத்தப் பார்த்தார். அதற்குள் எல்லோரும் மணலில் இறங்கியிருந்தார்கள். பிந்தி ஓடி வந்தவர்கள் கூண்டுக்குள் எட்டிப் பார்த்தபோது கயிறு அவர் கையில் இருந்தது. நான் கதவுக்குப் பின்னால் இருந்தேன்.

பிறகு கடற்கரைக்கு ஓடினேன். ஏன் ஓடினேன், கதவுக்குப் பின்னாலேயே இருந்திருக்கலாம். மணலில் புதுமணல் ஆள்கள் நாலு பேர். அந்தப் பக்கம் வலை காய வைத்துக்கொண்டிருந்தவர்கள், மரம் கவிழ்ந்ததைக் கண்டு நீந்தி வந்து அப்பாவை இழுத்தவர்கள். சில்வேரி என்பவர் அப்பாவைத் தோளில் போட்டிருந்தார், தலை கீழாகத் தொங்க, வாயிலிருந்து தண்ணீர் ஒழுக. எங்கள் ஆள்கள் கண்டது அதை: புதுமணல்காரன் நம் ஊர்க்காரனைப் பிணமாகத் தூக்கிக்கொண்டு போகிறான். மணி அப்படித்தான் சொல்லியிருந்தது. மணி சொன்ன பிறகு கண் அதையேதான் பார்க்கும். சித்தப்பா துடுப்போடு முதல் ஆளாகப் போனார். அந்த அடியின் சத்தம் பெரிதாக இல்லை. ஈர மணலில் நங்கூரக் கல் விழுவதுபோல மந்தமாக, சுருக்கமாக. சில்வேரி விழவில்லை. அப்பாவைக் கீழே விடக்கூடாது என்று முழங்காலில் உட்கார்ந்தார். மெதுவாக இறக்கி வைத்தார், உடைந்துவிடும் பாத்திரத்தை வைப்பதுபோல. அப்போது இரண்டாவது. அதற்குப் பிறகு நான் எண்ணவில்லை, நிறைய துடுப்புகள் இருந்தன. அப்பாவின்மேல்தான் அவர் விழுந்தார். அப்பா கண் திறந்திருந்தது, வாயும் திறந்திருந்தது, இவன் என்னைக் காப்பாற்றினவன் என்று சொல்வதற்கு வாய் திறந்திருந்தது, வந்தது கடல் தண்ணீர். அப்பாவுக்கும் எனக்கும் ஒரே நேரத்தில் வாய் போயிற்று. இரத்தம் சூடாக அப்பா கழுத்தில் ஓடி மணலுக்குள் போனது, மணல் எல்லாவற்றையும் குடித்தது, அடுத்த அலை வந்து மணலைத் தட்டிச் சமமாக்கியது. அப்பா அதற்கப்புறம் பத்தொன்பது வருடம் இருந்தார். ஒரே ஒரு முறை, சாப்பாட்டுக்கு நடுவில், யாரும் கேட்காமல் சொன்னார்: “தண்ணிக்குள்ள என்னைப் பிடிச்சப்போ, பேடிக்காதீங்க அண்ணா, நான் இருக்கேன்னு சொன்னான்.” சொல்லிவிட்டு மீன் முள்ளை ஒதுக்கிவைத்தார்.

அம்மா என் கையைப் பார்த்தாள்.  தேங்காய் எண்ணெயும் மஞ்சளும் வைத்துத் துணி சுற்றினாள், வலிக்கும்படி இறுக்கிச் சுற்றினாள். “கஞ்சித் தண்ணி கொட்டிட்டுன்னு சொல்லு. யார் கேட்டாலும்.” யாரும் கேட்கவில்லை. போலீஸ் வந்தது. ஆறு மாதம் கோயிலில் பூசை இல்லை. கூட்டத்தில் யார் துடுப்பு என்று பார்க்கவில்லை என்றார்கள் எல்லோரும். சித்தப்பா தண்டனை இல்லாமல் வீட்டுக்கு வந்தார். நிறுத்தாத மணி எல்லோருக்கும் கேட்டிருந்தது. கயிற்றோடு வியாகுலத்தை எல்லோரும் பார்த்திருந்தார்கள். ஊரைக் கிளப்பிவிட்டவன் என்று அவருக்கு ஏழு வருடம். அடித்தது நான் இல்லை, ஒரு பெண்பிள்ளை என்று அவர் ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் போதும். சொல்லவில்லை. ஜீப்பில் ஏறும்போது கூட்டத்தில் என்னைப் பார்த்தார், துணி சுற்றிய கையைப் பார்த்தார், தலையை ஒருமுறை பக்கவாட்டில் அசைத்தார். அது ‘பேசாதே’ என்றா, ‘உன்னைப்போல ஒருத்தி உண்டா’ என்றா, ஈ உட்கார்ந்ததா. ஐம்பத்தேழு வருடமாக அந்தத் தலையைத் திருப்பித் திருப்பி அசைத்துப் பார்க்கிறேன். அடுத்த ஆனியில் என்னைக் கல்லூரி விடுதியில் கொண்டு விட்டார்கள். படித்தேன். படிப்பித்தேன். மங்கள வார்த்தையை மறுபடி சொல்லப் பழகினேன், ஆனால் எப்போதும் நடுவில் ஒரு இடத்தில் நாக்கு கல்லில் மோதும். முப்பத்தோரு வருடம் யாப்பு நடத்தினேன். இரண்டு சீருக்கு நடுவில் எவ்வளவு நிறுத்த வேண்டும் என்று பிள்ளைகளிடம் மேசையைத் தட்டித் தட்டிச் சொன்னேன். அவர்கள் சிரித்தார்கள். நிறுத்தம் தவறி ஒரு ஆளைக் கொன்றவள் சொல்கிறேன், கேளுங்கள் என்று ஒருநாள் சொல்லிவிடுவேன் என்று ஒவ்வொரு வகுப்பிலும் பயந்தேன். ஒவ்வொரு வகுப்பிலும் மணி அடித்தது, போனேன்.

“டீச்சர், ஆறு ஆயாச்சா?” தலையைத் தூக்கினால் பிரகாசி. வியாகுலத்தின் மகள். அவர் ஜீப்பில் ஏறியபோது இரண்டு வயது. இப்போது அறுபதைத் தொடுகிறாள். மீன் விற்றுப் பருத்த தோள், நரைத்த கொண்டை, பூசைக்குக் கட்டிய வெள்ளைச் சேலை. “இல்ல, அஞ்சுதான்.” “அப்போ என் பேரை எழுதுங்க.” ததேயூஸ் தாடையை நாற்காலியிலிருந்து எடுத்தான். “இது மீன் கூடை இல்ல பிள்ளே, தலையில தூக்கிட்டுப் போவதுக்கு.” “உனக்கு வயிறு இருக்க இடத்துல எனக்குக் கை உண்டும். எழுதுங்க டீச்சர்.” அவன் சிரிக்கவில்லை. குரலைத் தாழ்த்தி என்னைப் பார்த்துச் சொன்னான்: “எழுதாதீங்க எக்கா. வேற யாரையும் எழுதலாம், வியாகுலத்துக்க மவ வேண்டாம். அவன் அடிச்ச மணியில கொலை விழுந்து கோயில் பூட்டிக் கிடந்தது. அந்த இரத்தத்துக்க கை இந்தக் கயிறைத் தொட்டா ஊர்ல ஒரு வீடும் சம்மதிக்காது. நான் பேரவையில பேசியாச்சு.” அந்த இரத்தத்தின் கை. அவன் கை மேசைமேல் கிடக்கிறது, குட்டை விரல், அகன்ற மணிக்கட்டு, துடுப்பு சரியாக உட்காரும் கை. பிரகாசி அவனைப் பார்க்கவே இல்லை. என் பேனாவைப் பார்த்துக்கொண்டிருந்தாள். பேனா ஆறு என்ற எண்ணைப் போட்டு நின்றுவிட்டது. கோயில் கடிகாரத்தில் பன்னிரண்டுக்கு ஏழு நிமிஷம். இதை எழுதாமல் விட்டால் ஒன்றும் ஆகாது. வேறு யாராவது வருவார்கள். அவள் மீன் விற்கப் போவாள். நான் வீட்டுக்குப் போய் மோர் குடிப்பேன். ஐம்பத்தேழு வருடம் எப்படிப் போயிற்றோ அப்படியே மிச்சமும் போகும், மிச்சம் கொஞ்சம்தான். பேசாமல் இருப்பது எனக்குப் படிந்த வேலை, அம்மா சுற்றிய துணியை நான் அவிழ்க்கவே இல்லை. எழுதினால், ஏன் எழுதினாய் என்பான். இரக்கத்தில் என்பேன். இரக்கம். அந்தச் சொல் வாய்க்கு வந்ததும் எனக்கு என்னையே அறையத் தோன்றியது, வியாகுலம் அறைந்த அதே கன்னத்தில். வாயைத் திறந்தேன். உப்பு. மறுபடி அதே உப்பு.

“அன்னைக்கு வியாகுலம் மணி அடிக்கல்ல, ததேயூஸ். நான் அடிச்சேன்.” சொல் வெளியே வந்து மேசைமேல் விழுந்தது. சத்தம் பெரிதாக இல்லை. “என்னது?” “அப்பா மரம் கவிழ்ந்ததைப் பாத்து நான் ஓடிவந்து அடிச்சேன். நிறுத்தாம அடிச்சேன். அவர் வந்து என் கையைப் பிரிச்சுவிட்டு, மூணு மூணா அடிச்சுத் திருத்தப் பாத்தார். அப்பத்தான் ஆள்கள் அவரைப் பாத்தாங்க. சில்வேரியை முதல்ல அடிச்சது உங்க அப்பா. அதையும் நான் பாத்தேன்.” ததேயூஸின் முகம் கொஞ்ச நேரம் முகமாக இல்லை. பிறகு சுற்றும் பார்த்தான், யாரும் கேட்டார்களா என்று. “வெயில் ஏறிட்டு எக்கா. வீட்டுக்குப் போங்க. வயசாச்சுன்னா இப்படித்தான், கேட்டதையெல்லாம் கண்டதுபோல வரும்.” நாற்காலியைத் தள்ளிவிட்டு எழுந்து போனான். வேகமாகப் போகவில்லை, ஆனால் திரும்பவில்லை. பிரகாசி மேசையைச் சுற்றி வந்தாள். என் வலது மணிக்கட்டைப் பிடித்து, மீனின் செவுளைப் புரட்டிப் பார்ப்பதுபோல, உள்ளங்கையை வெளிச்சத்துக்குத் திருப்பினாள். பெருவிரலால் அழுத்தித் தேய்த்துப் பார்த்தாள். இடதையும் பார்த்தாள். “ஒண்ணும் காணல்லியே” என்றாள். ஒன்றும் இல்லைதான். சுருக்கம் இருக்கிறது, மைக்கறை இருக்கிறது. தழும்பு என்றைக்கோ போய்விட்டது. காட்டுவதற்கு என்னிடம் ஒன்றுகூட இல்லை என்று அப்போதுதான் எனக்கும் தெரிந்தது. “எங்கம்மை சாவுறவரைக்கும் இந்த வாசல்ல ஏறல்ல” என்றாள் பிரகாசி, என் கையைப் பார்த்துக்கொண்டே. “நீங்க அடிக்கடி வந்து முதல் பெஞ்சுல இருப்பீங்க. நான் பாத்திருக்கேன்.”  அவள் மணிக்கட்டை விடவில்லை. “மணியாச்சு. வாங்க.”

இழுத்துக்கொண்டுதான் போனாள். கூண்டுக்குள் புறா எச்சத்தின் வாடை, சுண்ணாம்பின் குளிர்ச்சி, கதவு, நான் நின்ற அதே கதவு. என் இரண்டு கையையும் நீலக் கயிற்றில் வைத்து, மேலே தன் கைகளை வைத்து மூடினாள். எலும்பு எலும்பில் உரசியது. “எப்படி அடிக்கணும்?” “மூணு. அப்புறம் நிறுத்தணும்.” “எவ்வளவு நேரம்?” “ஒரு மங்கள வார்த்தை.” “சொல்லுவீங்களா?” பதிலுக்கு நிற்கவில்லை. தன் முழுப் பாரத்தையும் போட்டு இழுத்தாள். கப்பி கிறீச்சிட்டது. அந்தச் சத்தம், அதே சத்தம், முதுகெலும்பில் மேலிருந்து கீழே கோடு போட்டது; பிறகு வெண்கலம். கயிறு மேலே போகும்போது எங்களையும் சேர்த்துத் தூக்கியது, குதிகால் தரையை விட்டது. இரண்டு. நைலான் அறுக்கிறது, அறுக்கட்டும். மூன்று. நின்றாள். மேலே மணி தன் பாட்டுக்கு முனகிக்கொண்டிருந்தது. அவள் மூச்சு என் பிடரியில் அடித்தது. காத்திருந்தாள். அவள் சொல்லப் போவதில்லை, நான்தான் சொல்ல வேண்டும், சொல்லாவிட்டால் இந்தக் கை மறுபடி இறங்கும், நிறுத்தாமல் இறங்கும் என்று எனக்குத் தெரிந்தது. வாயைத் திறந்தேன். முதல் சொல் வந்தது. கல்லில் மோதும் அந்த இடத்தில் மோதியது, மோதி, தாண்டியது. கடைசிவரை சொன்னேன். அவள் இழுத்தாள். மூன்று. சொன்னேன். மூன்று. சொன்னேன். முடிந்த பிறகும் அவள் கை என் கையை விடவில்லை. விரல்களுக்கு நடுவே நனைந்திருந்தது, யார் கையிலிருந்து என்று தெரியவில்லை. பிறகு ஒவ்வொரு விரலாகப் பிரித்தாள். வெளியே வந்து, மேசையில் திறந்தே கிடந்த நோட்டில், ஆறு என்ற எண்ணுக்கு எதிரில் பிரகாசி வியாகுலம் என்று எழுதினேன். எழுத்து குண்டு குண்டாக வரவில்லை. விதிகளின் பக்கத்தில் கடைசி வரியையும் எழுதினேன்: நிறுத்தாமல் அடிக்கக் கூடாது.

வியாகுலம் எழுபத்துநாலு மார்ச்சில் சிறையிலிருந்து வந்தார், ஊருக்குள் விடவில்லை. கொல்லத்துக்கு அந்தப் பக்கம் ஒரு ஐஸ் கம்பெனியில் பதினொரு வருடம் பாளம் சுமந்தார். எண்பத்தைந்து ஆனியில் அங்கேயே செத்தார், மணி அடிக்கவில்லை.